சமப்படுத்தும் பொத்தானும் ஒரு வாசற்படியும்

சாக்கை அவிழ்த்ததும் பின்னறை முழுக்க அடுப்புப் புகை வாசம் பரவியது. பல வருஷத்து விறகுப் புகை, மழை ஈரம், கொஞ்சம் மஞ்சள்...

மலையகத்து ஹட்டனில், நண்பர் நஸீரின் இரும்புக் கடைக்குப் பின்னால், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே, எங்கள் சின்ன சீஎன்சி ரூட்டர் இருந்த காலம் அது. கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் செதுக்கும் மெஷின். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற மறுவருஷம், பொழுதுபோக்குக்கென்று இருவரும் சேர்ந்து வாங்கியது.

நம் சீஎன்சி குழுவில் நேற்று ஒருவர் கேட்டிருந்தார். புதிதாக டிசைன் மென்பொருள் எழுதுகிறார்களாம், நம்மைப் போன்றவர்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று. பலர் எழுதிவிட்டீர்கள். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பது எனக்கும் வேண்டும். மழைக்காலத்தில் இங்கே அது இல்லாமல் முடியாது.

ஆனால் என் ஆசை வேறு. அதற்கு இந்தச் சாக்குக்குள் இருந்த பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொண்டு வந்தவர் முத்துலெட்சுமி. றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவர் மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். வரிசை வீடுகளான லயத்தை உடைத்துத் தனி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் தாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் வாசற்படிப் பலகையை மட்டும் கேட்டு வாங்கி, பஸ்ஸில் தூக்கி வந்திருந்தார்.

"இதுல அவரு பேர வெட்டித் தாங்க சேர். புது வீட்டு வாசல்ல மாட்டணும்."

அவர் என்றால் கணவர் வேலாயுதம். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். முந்தின வருஷம் காலமாகியிருந்தார்.

நஸீர் பலகையைத் தட்டிப் பார்த்தார். "இரும்பு மாதிரி இருக்கு அக்கா. நம்ம சேரையே வெட்டினாலும் வெட்டலாம், இத வெட்ட ஏலாது போல."

"சேரை வெட்டிறாதீங்க. அப்புறம் பேரு எழுத ஆளு?" என்றார் முத்துலெட்சுமி.

சிரிக்கும்போதும் அவர் கை பலகையின் நடுவிலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு பள்ளம். அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நாலு நூல், அதாவது அரை அங்குலம் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூசிய மஞ்சள் அங்கே ஊறியிருந்தது. எனக்கு அது கறையாகத்தான் தெரிந்தது.

எங்கள் மென்பொருளுக்கு எல்லாப் பலகையும் தட்டையானது. ஒரு மூலையில் வெட்டும் பிட்டைத் தொடவைத்து, இதுதான் மேற்பரப்பு என்று சொல்லிவிட்டால் மற்ற இடமெல்லாம் அதே உயரம் என்று நம்பிவிடும். அப்படி வெட்டினால் ஓரத்து எழுத்துகள் பதியும். நடுவில் பிட் காற்றை வெட்டிக்கொண்டு போகும்.

அதற்குச் சுலபமான வழியும் அதிலேயே இருந்தது. மேற்பரப்பைச் சமப்படுத்தும் பொத்தான்.

நஸீர் தயங்கினார். "அக்காவுக்குப் போன்ல ஒரு கோல் எடுத்துக் கேப்பமா சேர்?"

"பேரு தெளிவா விழணும். பள்ளத்துல எப்படிங்க எழுதுறது?" என்றேன்.

முப்பது வருஷம் பிள்ளைகளின் கோடுகளை நேராக்கிய கை. வளைவைக் கண்டால் சும்மா இருக்காது. அழுத்திவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பலகை மேசை போல ஆனது. கறுப்புப் போய் உள்ளே சிவந்த மரம் தெரிந்தது. பெயர் அச்சடித்தது போல விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முத்துலெட்சுமி வந்தார். பெயரைப் பார்த்தார். உள்ளங்கையை நடுவில் வைத்துத் தடவினார். இன்னொரு முறை தடவினார். பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"பள்ளம் எங்க சேர்?"

"பேரு விழணும்னு... மட்டம் பண்ணிட்டேம்மா."

"அவரு தாத்தா காலத்துல இருந்து மிதிச்ச எடம் சேர். வெள்ளன பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப அவரும் அதுலதான் கால வைப்பாரு." பெயரின் மேல் விரலை வைத்தார். "பேரு எனக்கு மறக்காதுங்களே. அந்தப் பள்ளத்துக்காகத்தான் இதத் தூக்கிட்டு வந்தேன்."

நஸீர் ஆணிப் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டிருக்கணும்மா. நான் கேக்கல," என்றேன்.

முத்துலெட்சுமி மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்து, "அந்தத் தூளு கெடக்கா சேர்?" என்றார்.

தூள் உறிஞ்சும் மெஷினின் பைக்குள் கிடந்தது. ஆனால் முந்தின நாள் வெட்டிய பிளைவுட் தூளும் அதில் கலந்திருந்தது. அதையும் சொன்னேன்.

"பரவால்ல. அவரும் ஒண்டியா இருக்குற ஆளு இல்ல," என்று முந்தானையை விரித்தார்.

புது வீட்டு வாசற்படிக்குச் சீமெந்து போடும்போது அந்தத் தூளை அடியில் போட்டார்களாம். மகள் பிறகு சொன்னாள்.

இப்போது என்னிடம் இருக்கும் மென்பொருள் எவ்வளவோ அழகு. திரையில் மரத்தை எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்க்கலாம். ஆனாலும் சமப்படுத்து என்றால் உடனே சமப்படுத்திவிடுகிறது. அன்றைக்கு நஸீர் கேட்ட அளவுக்குக்கூட அது கேட்பதில்லை.

வெட்டும் முன்பு பலகையின் மேடுபள்ளத்தை அளந்து காட்டட்டும். எழுத்துகள் பள்ளத்தோடு இறங்கி ஏறட்டும். சமப்படுத்தச் சொன்னால், எந்த இடத்தில் எவ்வளவு மரம் போகப்போகிறது என்று காட்டிவிட்டு ஒருமுறை நிற்கட்டும். கணக்குத் தாளில் பிள்ளை வெட்டித் திருத்திய இடத்தைப் பார்த்தால்தான் அவன் எப்படி யோசித்தான் என்று தெரியும். சுத்தமாக அழித்த தாளில் விடை மட்டும்தான் இருக்கும். அது போலத்தான் இதுவும்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பெயர்ப்பலகை வாசலுக்கு மேலே நேராக, தெளிவாக இருந்தது. நான் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. கீழே சீமெந்துப் படியில் அன்று காலை பூசிய மஞ்சள். வழக்கம்போல அதைத் தாண்டி உள்ளே போகக் காலைத் தூக்கினேன்.

"மிதிச்சே வாங்க சேர்," என்றார் முத்துலெட்சுமி. "இன்னும் பள்ளம் விழல."