துஷாந்தினியின் வில்லில் ஏறிய முறுக்கு

எல்ல என்ற மலையூரில் ஒரு சுற்றுலா விடுதியின் வில்வித்தைத் திடலில் அம்பு பொறுக்கிக் கொடுக்கத்தான் துஷாந்தினி வேலைக்குச் சேர்ந்தாள். விருந்தினர் வராத மழை நாட்களில் சும்மா எய்து பார்க்கப்போய், மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்கும் அளவுக்குக் கை தேறிவிட்டது. விடுதியை மூடியபோது முதலாளி இரு முனையிலும் சக்கரம் வைத்த பழைய கம்பவுண்ட் வில் ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வில்லிலிருந்து போன அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போனது. அவள் கணவன் சதீஸ்குமார் பண்டாரவளையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். வீடியோக்களைப் பார்த்து, வில்லை அழுத்திப் பிடிக்கக் கடையிலேயே இரும்பில் ஒரு பிரஸ் செய்தான். அதில் மாட்டினால்தான் சக்கரங்களை இணைக்கும் கேபிள் தளரும், அதை முறுக்கவோ அவிழ்க்கவோ முடியும். வில்லின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் ஒரே சமயத்தில் சுழன்று நிற்க வேண்டும், கேபிளின் முறுக்கு மாறினால் ஒன்று முந்திவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான்.

மரச்சட்டத்தில் பத்திரிகைத் தாளைக் கட்டி, அதற்கூடாக எய்யச் சொல்வான். தாள் நீளமாகக் கிழிந்தால் அம்பு கோணலாகப் போகிறது என்று அர்த்தம்; மறுபடி பிரஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளில் ஒரு துளையும் இறகுகள் போன மூன்று கீறல்களும் மட்டுமே இருந்தன. இருவரும் அதைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார்கள்.

மாகாணத் தெரிவுப் போட்டி பதுளையில் என்று செய்தி வந்தது. தெரிவானால் கொழும்பில் முகாமில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். "போயிட்டு வா, நல்லதுதானே" என்றான் சதீஸ்குமார். போட்டிக்கு முந்திய நாள், கடைசியாக ஒருதடவை பார்த்துத் தருவதாகச் சொல்லி வில்லைக் கடைக்கு எடுத்துப் போனான்.

பதுளையில் ஓர் அம்பு மேலே போனது, அடுத்தது கீழே போனது. துஷாந்தினி மூச்சை அடக்கிப் பார்த்தாள், நிற்கும் நிலையை மாற்றிப் பார்த்தாள். தன் கைகள் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. தெரிவானவர்களில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குப் போன் செய்தாள்.

"ஒனக்குப் பதட்டம், அவ்வளவுதான். விடு" என்று ஆறுதல் சொன்னான்.

பக்கத்தில் எய்த முஷ்ரிபா, பண்டாரவளைக்காரி, அவளை அழவிடாமல் வில்லை மறுபடி இழுத்துக் காட்டச் சொன்னாள். குனிந்து பார்த்துவிட்டு, "மேல் சக்கரம் முந்திக்கிட்டு நிக்குது. யாரோ கேபிள முறுக்கியிருக்காங்க" என்றாள்.

பஸ்ஸில் வழி முழுக்கத் துஷாந்தினி வேறொரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. நேரே கடைக்குப் போனாள்.

"என்னங்க, கேபிள முறுக்கினீங்களா?"

"பஸ்ல எங்கயாச்சும் தட்டுப்பட்டிருக்கும்."

"தட்டுப்பட்டா ஸ்க்ரூ தளரும். கேபிள் தானா முறுக்கிக்குமா?"

அவன் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அங்க போனா நீ திரும்பி வருவியா துஷா? பொண்டாட்டிய அனுப்பிட்டு என்ன செய்யப் போறேன்னு எல்லாரும் கேக்குறாங்க."

"போகாதன்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். அது வேற. போன்ல எனக்குப் பதட்டம்னு சொன்னீங்களே, அதுக்கு ஒங்களுக்கு எப்படி வாய் வந்திச்சு?"

அவள் வில்லை பிரஸ்ஸில் மாட்டினாள். உதவ அவன் கை நீட்டியபோது, "தொடாதீங்க" என்றாள். கேபிளை அவளே அவிழ்த்தாள். வேலை பிடிபட மாலை இருட்டிவிட்டது.

மறு வருடம் தெரிவாகிக் கொழும்புக்குப் போனாள். ஸ்டேசன்வரை அவன் பையைத் தூக்கி வந்தான். வில் அவள் தோளில் இருந்தது. முகாம் முடிந்து அவனிடமே திரும்பியும் வந்தாள். அவன் பலமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

"மன்னிச்சிட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்று முஷ்ரிபாவிடம் ஒருநாள் சொன்னாள். "ஆனா ஒரு அம்பு வெலகிப் போனா, மொதல்ல அவரு மூஞ்சிதான் ஞாபகம் வருது. என்னோட தப்பாவே இருந்தாலும்."