லுவோ சுமந்த கதவு

எங்கள் ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பட்டம் வாங்கிய கையோடு பக்கத்து மலைக்கிராம அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சீன அரசின் புதுக் கொள்கைப்படி, மூன்றாவது பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அப்படிப் போனபோதுதான் பெங் சுஹே என்ற அம்மாவைப் பார்த்தேன்.

அவர் வீட்டு வாசலுக்குக் கதவு இல்லை, ஒரு பழைய மெத்தைதான் தொங்கியது. நான் நீட்டிய துண்டறிக்கையை நிதானமாகப் படித்தார்.

"எனக்கு அம்பத்தஞ்சு ஆச்சு தம்பி. ரெண்டாவதையே உங்க ஆபீஸ் வாழ விடல. மூணாவது யாருக்கு?"

அப்புறம் உட்காரச் சொல்லி, அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு பிள்ளைக்கு மேல் கூடாது என்றிருந்த காலம் அது. மகனுக்குப் பிறகு அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அபராதம் கட்ட வழியில்லை. பிரசவமானவள் ஒரு மாதம் காற்றுப் படாமல் அறைக்குள் இருக்க வேண்டும், எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த மாதம் முடியும் முன்பே, கொட்டும் குளிரில், குடும்பக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைவர் லுவோ வந்து அபராதத்துக்கு ஈடாக வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போனார். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. புத்தாண்டுக்கு முன்பே புதைத்தார்கள்.

கழற்றியவனே வந்து மாட்டட்டும் என்று சுஹே அதன்பின் கதவு வைக்கவில்லை. பிரசவ வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்த்துக்கொள்வதையே தொழிலாக்கிக்கொண்டார். அந்தப் பள்ளத்தாக்கில் பெண்கள் கருவுற்றதுமே அவரிடம் சொல்லிவைப்பார்கள்.

போன குளிர்காலத்தில் லுவோவின் மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல். ஆஸ்பத்திரி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டது, பிள்ளையோ மார்பில் வாய் வைக்கவில்லை. லுவோ புகைபோட்ட பன்றி இறைச்சியோடும், சமாதானம் பேச என்னோடும் சுஹே வீட்டுக்கு வந்தார். மெத்தைக்கு வெளியே நின்று, "தங்கச்சி" என்று கூப்பிட்டார்.

"அன்னைக்கு 'ஏய்'னீங்களே தலைவரே."

எல்லாம் மேலிடத்து உத்தரவு, தன்னால் என்ன செய்ய முடியும் என்றார் அவர்.

"உத்தரவு மேலேருந்து வந்துச்சு. கதவைத் தூக்கின தோளு யாரோடது?"

புதுக் கதவே செய்து தருகிறேன் என்றார். சுஹே கேட்கவில்லை.

"உங்க வீட்டு வாசக்கதவைக் கழட்டுங்க. நீங்களே, ஒத்தையா, சந்தை வழியாச் சுமந்துட்டு வந்து இங்க மாட்டுங்க. அப்புறம் கிளம்புறேன்."

பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு, இந்தக் குளிரில் எப்படி என்று இழுத்தார் லுவோ.

"தாயும் பிள்ளையும் உள்ளறையில. அங்க ஒரு பொட்டுக் காத்து வராம நான் பாத்துக்கறேன். மாசம் முடியற வரைக்கும் வேற கதவு மாட்டாம, நீங்க கூடத்துல படுத்துக்கங்க."

நான் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வீட்டில் இரண்டாவது பிள்ளை. நான் பிறந்ததற்கு எங்கள் பன்றியை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று சந்தை நாள். மகன் ஒரு பக்கம் தாங்க வந்தான், லுவோ வேண்டாமென்று தலையாட்டினார். கதவு முதுகை அழுத்த, குனிந்தபடி கடைகளுக்கு நடுவே நடந்தார். அவர் கை ஒரு காலத்தில் எட்டாத வீடு அங்கே குறைவு. டோஃபு விற்கிறவள் குரல் கொடுத்தாள்:

"தலைவரே, யாரு வீட்டுல ரெண்டாவது பொறந்துச்சு?"

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன், மனசு குளிர.

கதவு நிலைக்குப் பொருந்தவில்லை. அவர் மண்டியிட்டு இழைக்க, சுஹே தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டி முடித்ததும் சுஹே பையை எடுத்துக்கொண்டு லுவோ வீட்டுக்குக் கிளம்பினார். அன்று மாலையே பால் இறங்கிப் பிள்ளை குடித்தது.

மாதம் முடியும்வரை லுவோவைப் பேரன் பக்கமே விடவில்லை. வெளிக்காற்றோடு வருகிறவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது சுஹேயின் சட்டம். கதவில்லாத கூடத்தில் லுவோ இருமிக்கொண்டு கிடந்தார். மாத நிறைவு விருந்தில் கிண்ணத்தை உயர்த்தி, இனி நமக்குள் கணக்கில்லையே என்று கேட்டார்.

"பிள்ளைக்குப் பாத்தது உங்க மருமகளுக்காக. என் பொண்ணு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கா," என்றார் சுஹே.

லுவோ வீட்டுக்கு இப்போது இரும்புக் கதவு. இருமல் மட்டும் போகவில்லை. சுஹே அதே ஊரில்தான் இருக்கிறார், பிரசவ வீடுகளுக்குப் போய்வருகிறார். லுவோவோடு பேசுவதில்லை.