சமையலறைக்கு இரண்டு சுவர்

கட்டட வரைபடம் போடும் அவருக்கு அலுவலகத்தில் அரைநூலார் என்று பெயர். யார் வரைந்த படத்தைக் காட்டினாலும், "இங்க அரை நூல் தள்ளியிருக்கே" என்பார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு; அளந்து பார்த்தால் அதில் பாதி தள்ளித்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு இரண்டு மாதமாகக் கோடுகள் கண்ணாமூச்சி காட்டின. லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கினால் சுவர் பாதியில் அறுந்து நிற்கும். ஒரு கதவை நகர்த்தினால் பழைய இடத்திலும் அதன் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். கண் போய்விட்டது என்று அவரே முடிவு கட்டினார். மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் பலனில்லை. யாரிடமும் மூச்சு விடாமல், காணாமல் போன கோடுகளை ஞாபகத்திலிருந்து மறுபடி போட்டுச் சமாளித்தார்.

போன வாரம் மேஸ்திரி போனில் கூப்பிட்டார். "அண்ணே, சமையலறைக்கு ஒட்டினாப்ல ரெண்டு சுவர் போட்டிருக்கீங்களே, நடுவுல பல்லி குடித்தனம் பண்ணவா?"

மேஸ்திரி சிரித்தார். அரைநூலாருக்கு உயிர் போயிற்று. அன்றைக்கே ராஜினாமா கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று கடிதத்தைக் கொடுப்பதற்கு முன், லேப்டாப்பிலிருக்கும் குடும்பப் படங்களை எடுத்துவிடலாம் என்று அலுவலக மாடிப்படிக்குக் கீழே இருந்த பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் ஸ்குரூ டிரைவரைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

"என்ன கோளாறு சார்?"

"மெஷின்ல ஒண்ணுமில்லம்மா. போட்டோவை மட்டும் எடுத்துக் கொடு. வேற ஆளுக்குப் போகுது."

மூடாமல் விட்டிருந்த வரைபடம் திரையில் வந்தது. "இதென்ன சார், கோடெல்லாம் கரையான் அரிச்ச மாதிரி இருக்கு?"

அவர் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். "உனக்கும் தெரியுதா?"

"தெரியாம? எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?"

அவர் நம்பவில்லை. அவள் லேப்டாப்பிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் போனுக்கு அனுப்பிக் காட்டினாள். அதிலும் சுவர் அறுந்திருந்தது.

"திரை பழுதுன்னா இதுல வராது. உள்ளயே தப்பா வரையுது. எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமா."

அவள் எதையோ தேடினாள். "அப்பத்தான் கிராஃபிக்ஸ் டிரைவர், அதான் திரைக்குப் படம் வரைஞ்சு கொடுக்கிற புரோகிராம், தானா புதுசாகியிருக்கு. உங்க சாஃப்ட்வேருக்கும் அதுக்கும் ஒத்துப்போகலை. பழசையே போட்டுப் பாப்போம்."

லேப்டாப் அணைந்து மறுபடி உயிர் பெறும்வரை அவர் உட்காரவே இல்லை. படம் திறந்தது. பெரிதாக்கினார், நகர்த்தினார். கோடுகள் சொன்ன இடத்தில் நின்றன. சமையலறையின் இரண்டு சுவர்களும் பளிச்சென்று தெரிந்தன. இரண்டாவது, முதல் சுவர் கண்ணில் படாதபோது அவர் ஞாபகத்திலிருந்து போட்டது.

"நடுவுல ஒண்ணரை நூல் இடைவெளி" என்றார்.

அவள் சாஃப்ட்வேரின் அளவுக்கருவியை எடுத்து இரண்டு கோடுகளிலும் சொடுக்கினாள்; சரியாக ஒன்றரை நூல்தான். அரைநூலாரைத் திரும்பிப் பார்த்தாள். "வெறும் கண்ணாலயா சொன்னீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, லெட்டரைக் கொடுத்தாச்சா?"

"இல்ல. தப்பாப் போட்ட சுவர் இன்னும் எத்தனை இருக்கோ தெரியலை. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் வருவேன். நீ சாப்பிடு."

 "அப்ப கண்ணு?" என்றாள்.

"அது நல்லாத்தான் இருக்கு" என்றவர், அங்கிருந்த முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.