ஆறாட்டு நாளில் விமானம் பிடிக்கப் போனவள்

திங்கட்கிழமை காலை 9.40. திருவனந்தபுரம் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே என் கையில் ஒரு கையேட்டைத் திணித்தார்கள். நிலத்தடி நீர் பற்றிய பன்னாட்டு மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கான பயணத் தகவல்கள், வழவழப்பான தாளில் நாற்பது பக்கம். இளநீரை எப்படிக் குடிப்பது என்பதற்குப் படத்தோடு ஒரு பக்கம். மின்சாரச் செருகியின் முனைகள் உருண்டையா தட்டையா என்பதற்கு இன்னொரு பக்கம். மாநாடு நடக்கும் வெள்ளையம்பலத்துக்கு ஏழு கிலோமீட்டர், பதினைந்து நிமிடம், முந்நூறு ரூபாய் என்று போட்டிருந்தது. டாக்சிக்கு நானூற்று எண்பது கொடுத்தேன், நாற்பது நிமிடம் ஆயிற்று. அப்போதே அந்தக் கையேட்டின் லட்சணம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள். இந்த மாநாட்டுக்கு வரலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். காரணம் அப்பா. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், எழுபத்து நான்கு வயது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. வீட்டில் நானும் அவரும்தான். கூட இருப்பவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் வியாழக்கிழமை மாலை 5.15 விமானம் வேண்டும் என்று மாநாட்டு அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். பயணச்சீட்டு எங்கள் பொறுப்பு, நீங்கள் கட்டுரையை மட்டும் கவனியுங்கள் என்று பதில் வந்தது. என் சட்டை அளவைக் கேட்டார்கள், சைவமா அசைவமா என்று கேட்டார்கள். விமான நிறுவனத்துக்கு மட்டும் என் தொலைபேசி எண்ணுக்குப் பதில் தங்கள் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை எங்களைப் பொன்முடிக்குக் கூட்டிப்போனார்கள். அறுபது கிலோமீட்டர். கல்லாற்றில் நிறுத்தி, பதினைந்து ரூபாய்க்குத் தேநீர். அதற்கு மேல் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். மலை அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். திரும்பும்போது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே ஒரு பெண் கைகாட்டினாள். பாதி இருக்கை காலியாக ஓடிய எங்கள் பேருந்து நிற்கவில்லை. கையேட்டில் பொன்முடிக்கு ஆறு பக்கம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் எப்படிக் கீழே இறங்குவார்கள் என்று ஒரு வரியும் இல்லை.

வியாழன் பிற்பகல் 2.30. சாப்பாடு முடித்து, பெட்டியோடு டாக்சி ஏறினேன். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் தடுப்பு. ஓட்டுநர் எதுவும் பேசாமல் சந்து சந்தாகச் சுற்றி 3.25க்கு விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாசலில் நின்ற காவலர் என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அந்த விமானம் 1.40க்கே போய்விட்டது என்றார். நாலு மணிக்கு நிலையத்தையே மூடுகிறார்கள், இனி ஒன்பது மணிக்குத்தான் அடுத்த விமானம், சென்னைக்கு நாளைக்குத்தான் என்றார்.

மாநாட்டு அலுவலகத்தில் பயண ஏற்பாடுகளைப் பார்த்தவர் மணிகண்டன். பூர்வீகம் நாஞ்சில் நாடு. இரண்டு தலைமுறையாக இந்த ஊர். நாலு நாளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தமிழில் பேசி, "நம்ம ஆளு" என்று மற்றவர்களிடம் அறிமுகப்படுத்தியவர். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"மேடம் இன்னும் போகலியா? இன்னிக்கு ஆறாட்டு அல்லவா," என்றார்.

"என்ன ஆறாட்டு?"

"பத்மநாபசாமிக்கு மேடம். சாமி சங்குமுகம் கடலுக்குப் போறது ரன்வே வழியாக்கும். வருஷத்துல ரெண்டு தடவை ஏர்போர்ட் அடைச்சிடுவாங்க. ஃப்ளைட்டெல்லாம் முன்னாடியே டைம் மாத்தினாங்க. எனக்கு மெசேஜ் வந்திருந்தது."

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"வெளிநாட்டுக்காரங்க பதினாறு பேருக்கும் ரூம் கதவுல பேப்பர் ஒட்டினேன் மேடம். அவங்களுக்குத் தெரியாதே. மேடம் தமிழ் அல்லவா. நம்ம ஆளுக்கு ஆறாட்டு தெரியாம இருக்குமாண்ணு விட்டுட்டேன்."

பதினாறு பேருக்குத் தாள். எனக்கு மரியாதை. பிரேசில்காரர் ஒருவர் ஒழுங்காக முன்னதாகவே கிளம்பிப் போயிருக்கிறார். எல்லையைத் தாண்டினால் என் சொந்த மாநிலம், நான் வாசலில் நிற்கிறேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் திருவனந்தபுரத்துச் சாமி எப்போது குளிக்கப் போகிறார் என்று எப்படித் தெரியும்? தொலைபேசியில் கத்தினேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இல்லை.

சாமிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பல மாதம் முன்பே அறிவித்துவிட்டுத்தான் கிளம்புகிறார். விமான நிறுவனமும் சொல்லியிருக்கிறது. இளநீருக்குக் கொடுத்த பக்கத்தில் நாலு வரி இதற்கு ஒதுக்கியிருந்தால் போதும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் யாரும் எழுதவில்லை. கையேட்டை எழுதியவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்.

மாலை 3.45. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ, இருநூற்று இருபது ரூபாய். ஓட்டுநர் மலையாளி, தமிழும் பேசுவார்.

"சேச்சி விஷமிக்காதே, வருத்தப்படாதீங்க. நாலரைக்கு மெட்ராசுக்கு ஒரு வண்டி உண்டு. நான் பிடிச்சுத் தரேன்."

"எப்போது போய்ச் சேரும்?"

"காலைல எட்டு, எட்டரை ஆகும்."

ஏழு மணி அறுவைக்கு எட்டரை மணி ரயில். கணக்குத் தெரிந்தும் போகச் சொன்னேன், வேறு வழி இல்லை. சாலையோரத்தில் ஊர்வலம் பார்க்க மக்கள் குடும்பம் குடும்பமாக நின்றிருந்தார்கள். நல்ல கூட்டம், நல்ல வேட்டி சேலை. இன்னொரு நாளாக இருந்தால் நானும் இறங்கி நின்றிருப்பேன். ஓட்டுநர் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்த ஒரு தெருவில் வண்டியைத் திருப்பி, 4.20க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மீதிச் சில்லறையை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த நாலு நாளில் எனக்குப் பயன்படும் தகவல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

முன்பதிவு இல்லாத பெட்டி, இருநூற்றுச் சொச்சம். வண்டி நகர்ந்ததும் மருத்துவமனைக்குப் பேசினேன். ஒன்பது மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். பட்டியல் போட்டாகிவிட்டது, ஏழுக்குக் கூட இருப்பவர் இல்லையென்றால் அடுத்தவரை எடுத்துவிடுவோம் என்றார்கள். அப்பாவுக்குப் பேசினேன். "நீ பதறாம வாம்மா, நான் கேட்டுப் பாக்கறேன்," என்றார். வள்ளியூர் தாண்டும் வரை ஜன்னலோரம் நின்றே வந்தேன், உட்கார இடம் இல்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். திருவனந்தபுரத்துக்கு எந்த மாநாட்டுக்குப் போனாலும் சீட்டில் உங்கள் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டு எந்த நாள் என்று நீங்களே கேளுங்கள். யாராவது "நம்ம ஆளு" என்று தோளில் கைபோட்டால், எனக்கும் ஒரு தாள் ஒட்டுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை காலை 9.30. மருத்துவமனை. ஏழு மணிக்கு வேறொருவரை உள்ளே எடுத்துவிட்டார்கள். அடுத்த இடம் மூன்று வாரம் கழித்து. அப்பா அறுவைக்கான பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகுப்பக்கத்து நாடாவைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார், கோணலாக. நான் ஆறாட்டையும் மணிகண்டனையும் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சரி விடும்மா," என்றார். "நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. இப்ப ஒரு காபி குடிக்கலாமான்னு அவங்களைக் கேட்டுட்டு வரியா?"