கமலா அன்ரியின் விரதத் தட்டு

கமலா அன்ரிக்கு நடந்தது அநியாயம். சொல்வழி கேளாத நோயாளி என்று எல்லோர் முன்னும் ஏசி, அவருடைய இருதய ஒப்பரேஷனை டொக்டர் தள்ளிவைத்தார். என்ன சாப்பிட வேண்டும் என்று பிறருக்குச் சொல்லும் தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்குத் தெரியும்: சொல்வது நாங்கள், ஏச்சு வாங்குவது நோயாளி. நான் படித்த பல்கலைக்கழகக் கம்பஸ் மூடியிருந்த அந்த யுத்தக் காலத்தில், வெள்ளவத்தைக் கிளினிக் ஒன்றில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அதுதான் எனக்கு வேலை.

மலையும் மேகமும்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்தார் அன்ரி. இரத்தத்தில் சீனி இறங்கினால்தான் ஒப்பரேஷன். மரக்கறி நிறையச் சாப்பிடச் சொல்லியும் சீனி ஏறிக்கொண்டே போனது.

தட்டில் என்ன இருக்கும் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு வெளியே கடலின் மேல் அது மிதப்பதுபோல் இருந்தது: ஒரு சோற்று மலை, அடிவாரத்தில் உருளைக்கிழங்கும் வாழைக்காய்ப் பொரியலும், உச்சியில் மேகமாய் ஒரு அப்பளம். பச்சையாக ஒரு இலை இல்லை.

“ஒப்பரேஷன் நல்லா நடக்கவேணுமெண்டு நேந்து, வந்த நாள் தொட்டு மீன், இறைச்சி எண்டு மச்சமே தொடேல்லைப் பிள்ளை. இதைவிட என்ன மரக்கறி?”

நாங்கள் மரக்கறி என்றது காயையும் இலையையும்; அவர் விளங்கிக்கொண்டது மச்சம் இல்லாத சாப்பாட்டை.

சென்ட்ரியில் வல்லாரை

மறுநாள் வல்லாரைக் கீரையும் போஞ்சிக்காயும் வாங்கிக்கொண்டு லொட்ஜுக்கு நடந்தேன். இலையின் நரம்பும் எங்கள் இரத்தக் குழாயும் ஒரே கை வரைந்ததுபோல இருக்கிறதே என்று யோசித்தபடி போனதில், வழியிலிருந்த சென்ட்ரிக் காவலரணில் ஆமிக்காரன் மறித்ததே தெரியவில்லை. பையைக் கிளறி வல்லாரைக் கட்டை வெளியே எடுத்தான். இது சீனி வருத்தம் உள்ள நோயாளிக்கு, இலையின் நார் சீனியை இரத்தத்தில் மெல்லத்தான் ஏறவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். தங்கையைக் கூப்பிடுவதுபோல் அவனும் சிங்களத்திலேயே சொன்னான்.

“எங்க அம்மாவுக்கும் சீனிதான் நங்கி. இலையையும் சாப்பிடுறா, சோத்தையும் குறைக்கிறதில்லை.”

குசினிக் கதவு

அறைகளில் சமைக்கக் கூடாது என்பது லொட்ஜ் சட்டம். அடுப்பில்லாதவருக்கு ஆலோசனை சொல்லி என்ன பயன் என்று மனேஜரோடு வாதாடினேன். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, லொட்ஜுச் சமையல் நடக்கும் குசினியின் கதவைப் பார்த்தார்.

“அவவுக்கு மட்டும் இலை வதக்கிச் சுண்டினால் மற்ற அறைக்காரர் சண்டைக்கு வருவினம், தங்கச்சி. எல்லாருக்கும் சேர்த்துச் சுண்டச் சொல்லிக் குசினியில சொல்லுங்கோ.”

திகதி

அதன்பின் அன்ரியின் தட்டில் பாதி பச்சை. சோறு ஒரு சின்ன மேடு. மருந்துக் குளிசையும் தவறவில்லை. சீனியும் பிரஷரும் மெல்ல இறங்கின. டொக்டர் ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்தபடி, “இப்பதான் சொல்வழி கேட்டிருக்கிறீங்கள்” என்றார். நான் சண்டைக்கு வாயைத் திறக்கமுன், அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

“நான் அப்பவும் சொன்னபடிதான் நடந்தனான், டொக்டர். என்ர தட்டில என்ன கிடக்குதெண்டு நீங்கள்தான் விசாரிக்கேல்லை.”