கப்பல் வராத வாரமும் ஒரு சீன வினைச்சொல்லும்

சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகுமுன் சீன மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். அதற்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தமானில் எங்கள் ஊரான ஹட் பேயில் இருந்த அப்பா இறந்துபோனார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். ஊர் ஆஸ்பத்திரியில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். கடல் மோசமாக இருந்ததால் கப்பல் வரவில்லை. மழையில் ஹெலிகாப்டரும் இறங்கவில்லை. ஒருவழியாகக் கப்பல் வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். போர்ட் பிளேரில் இறக்கும்போது மூச்சு இல்லை.

துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் கப்பலையே குறை சொன்னார்கள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், "ஜஹாஸ் நஹி ஆயா, தீதி, க்யா கரேகா", கப்பல் வரவில்லை, அக்கா, என்ன செய்வது என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி தொடங்கியபோது வாயு என்று நினைத்து, அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்து அப்பாவை வீட்டிலேயே படுக்க வைத்திருந்தாள். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம் பாடப் புத்தகத்தை விரித்தேன். தான்கே, தான்வு என்று இரண்டு வினைச்சொற்கள் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்தன. அகராதியில் இரண்டுக்கும் தாமதப்படுத்துதல் என்றுதான் பொருள். என்ன படிக்கிறாய் என்று அம்மா கேட்டாள். முதலாவது வெறும் தாமதம், வழியில் எங்காவது தங்கிவிட்டாலும் சொல்லலாம் என்றேன். இரண்டாவதைச் சொன்னால், அந்தத் தாமதத்தால் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்க வேண்டும். படிப்பு, ஒருவருடைய வாழ்க்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். புத்தகத்தில் இருந்த உதாரணம் நோய்.

"அதுல யாரு கெடுத்தாங்கன்னு சொல்லணுமா?"

"சொல்லாமலும் விடலாம்மா."

"சொன்னா எப்படி வரும்?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வோ தான்வு ல தா." தமிழில் அது ஒரே சொல்லில் வரவில்லை. "நான் நாளக் கடத்தி அவரக் கெடுத்துட்டேன். அந்த மாதிரி."

அம்மா புத்தகத்தை மூடினாள்.

"ஊர் பூரா கப்பலச் சொல்லுது. நீயும் அதச் சொல்லாத, புள்ள."

குடல்வால் வலி தொடக்கத்தில் வாயு மாதிரிதான் தெரியும், டாக்டர்களே ஏமாந்துவிடுவார்கள் என்று விளக்க வாயெடுத்தேன். அவள் எழுந்து, கூரை ஒழுகும் இடத்தில் சட்டி வைக்கப் போய்விட்டாள்.

சில நாளில் நான் கிளம்பினேன். அம்மா கப்பல் ஏறும் ஜெட்டிக்கு வரமாட்டேன் என்றாள். வங்காளி அம்மாள்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தாள்.