வரிசையின் கடைசி ஆள்

ராணுவத்தில் ரோந்து போகும்போது வரிசையின் கடைசியில் நடந்தவன் நான். பின்னால் யாரும் வராமல் பார்ப்பதும், முன்னால் போகிறவர்களின் தலைகளை எண்ணுவதும் கடைசி ஆளின் வேலை. ஒரு மலைச்சரிவில், பனிமூட்டத்துக்குள், குண்டு வெடித்தது. புகை அடங்கி எண்ணியபோது ஏழு தலைகளில் ஒன்று குறைந்தது.

அதன்பின் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பதை என்னால் தாங்க முடிந்ததில்லை. ரேஷன் கடை வரிசை, மின்சார ரயில், கல்யாண வீடு, எதுவும் முடியாது. எல்லா இடத்துக்கும் மனைவி தனியாகவே போய் வந்தாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்தார்கள், மனம்விட்டுப் பேசச் சொன்னார்கள். தூக்கம் திரும்பியது. முதுகு மட்டும் கேட்கவில்லை. ஒரு நாளாவது அவளுக்கு முன்னால் நடந்து கோயிலுக்குள் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆவடியில் குடியேறியபின், ஏரிக்கரையில் காலை நடைக்கு நாலு பேர் கிடைத்தார்கள். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் எப்போதும் கடைசியில் நடப்பேன். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள். கரையில் பதினான்கு விளக்குகள், அதில் மூன்று எரியாது. யாரிடம் சொன்னாலும் சரிசெய்ய மாட்டார்கள்.

ஒரு மார்கழிக் காலை ஏரியையே காணோம். வெள்ளை மட்டும் இருந்தது. கம்பிவேலியும் நாரைகளும் அதில் கரைந்துபோயிருந்தன. என் கால்கள் வேறு யாருடையவோ போல எங்கோ கீழே நடந்துகொண்டிருந்தன. முன்னால் எண்ணினேன். மூன்று. மறுபடியும் மூன்று. அது ஆவடி இல்லை என்று ஆகிவிட்டது. "படுங்க" என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்தேன்.

ஈரப் புல்லில் முகம் பதித்துக் கிடந்தேன். பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம். பார்த்தால், மூவரும் தொப்பையும் மஃப்ளருமாகப் படுத்திருந்தார்கள், கைகளைத் தலைமேல் வைத்தபடி. அவர்களுடைய தொழிற்சாலை ஒத்திகையில் படு என்றால் முதலில் படுப்பார்கள், காரணம் பிறகுதான் கேட்பார்கள்.

பனிக்குள்ளிருந்து நான்காமவர் வந்தார். ஃபிட்டராக இருந்தவர். கையில் ஒற்றைச் செருப்பு.

"வார் அறுந்துச்சுன்னு ஓரமா நின்னேன். இன்னா நைனா, அல்லாரும் படுத்துகினு கீறீங்க?"

"சார் படுன்னாரு, படுத்தோம்," என்றார் தரையிலிருந்து ஒருவர். "நீ ஏன் மாமே இன்னும் நின்னுகினு கீறே?"

அவரும் செருப்போடு படுத்தார்.

ஐந்து கிழவர்கள் பனிக்குள் கிடந்தோம். எங்கோ ஒரு நீர்க்கோழி கூப்பிட்டது. நான் மல்லாந்து படுத்து, வெள்ளையைப் பார்த்துக்கொண்டே, மலைச்சரிவைப் பற்றியும் என் முதுகைப் பற்றியும் சொன்னேன்.

எழுந்ததும் ஃபிட்டர் சொன்னார்: "நீ முன்னால போ அண்ணாத்தே. இனிமே கடைசி ஆளு நானு. தலைய நான் எண்றேன்."

"ஒத்தச் செருப்போடயா?" என்றார் ஒருவர்.

"அறுந்தது செருப்புதான்டா. கண்ணு நல்லாத்தான் கீது."

முன்னால் போய் நின்றேன். பிடரி சிலிர்த்தது. நடந்தேன். பின்னால் செருப்புக்காலும் வெறுங்காலும் மாறி மாறி ஒலித்தன. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, நான் விடவில்லை. கரை வளையும் இடத்தில் மட்டும் ஒருமுறை திரும்பிவிட்டேன்.

"நாலு தலையும் கீது," என்றார் அவர். "நீ போய்க்கினே இரு."